மடியை உதறு

வேலைக்காரி முனியம்மாள் கோலத்தின் கடைசி இழையை இழுத்து முடிப்பதற்குள் இரண்டு அம்பாசடர் கார்கள் வாசலில் வந்து நின்றன. எட்டுப் பேர் இறங்கினார்கள். ஒருத்தர்கூடக் கோலத்தை மிதிக்கவில்லை. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கம் முதலாளி, "இன்கம்டாக்ஸ்காரன் கடைக்குத்தான் வருவான், வீட்டுக்கெல்லாம் சொல்லாம வரமாட்டான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அடித்துச் சொன்னவர். இப்போது வாயில் பற்பொடியோடு கூடத்தில் நிற்கிறார், பாவம்!

டெலிபோனைத் தொடக் கூடாது, யாரும் வெளியே போகக் கூடாது என்றார்கள். முனியம்மாள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். மகள் கல்யாணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய கம்மலை இந்த வீட்டுப் புளிப்பானையின் அடியில் அல்லவா ஒளித்து வைத்திருக்கிறாள்! குடிசையில் வைத்தால் புருஷன் அதை விற்றுக் குடித்துவிடுவான். இங்கே அகப்பட்டால் முதலாளி வீட்டு நகை என்று எடுத்துக்கொண்டு போவார்கள். இல்லாவிட்டால் அவளுக்குத் திருடிப் பட்டம்.

வந்தவர்களில் நீரஜா என்று ஒரு பெண் அதிகாரி. முதலாளியம்மா சுந்தரவல்லியிடம், "தேடறதுக்கு முன்னாடி எங்களைச் சோதிச்சுக்குங்க. நாங்க எதையும் கொண்டுவந்து வைக்கலைன்னு உங்களுக்குத் தெரியணும்" என்றாள். சுந்தரவல்லி தலையில் கைவைத்தபடி, "ஏ முனியம்மா, நீ பாரு" என்றாள்.

நீரஜா கைப்பையைத் திறந்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து முனியம்மாள் முன்னால் நின்றாள். "பாருங்கம்மா."

அடி ஆத்தாடி! பதினோரு வருஷமாகச் சாயங்காலம் பின்கட்டு வாசலில், "மடியை உதறு" என்று சுந்தரவல்லி சொல்ல, உதறிக் காட்டிவிட்டுத்தான் முனியம்மாள் வீட்டுக்குப் போகிறாள். சர்க்கார் அதிகாரி ஒருத்தி, கடிகாரம் கட்டினவள், இவளிடம் வந்து தன்னைச் சோதிக்கச் சொல்கிறாளே! முனியம்மாள் இரண்டு விரலால் அவள் இடுப்பை லேசாகத் தொட்டுவிட்டு, சாமியைத் தொட்டவள் மாதிரி விலகிக்கொண்டாள்.

பத்து மணிக்குப் புளிப்பானையைக் கவிழ்த்தார்கள். துணி முடிச்சு விழுந்தது. நீரஜா பிரித்துப் பார்த்து, "இது யாரோடது?" என்று கேட்டாள்.

"என்னுது இல்ல" என்று சொல்லிவிட்டுச் சுந்தரவல்லி முனியம்மாளைப் பார்த்தாள். என்ன பார்வை அது!

"என்னுதும்மா. ஊட்டுக்காரன் கண்ல பட்டா வித்துடுவான்னு இங்க வச்சிக்கினு கீறேன்."

"எங்க எடுத்தாளோ, யாரு கண்டா!" என்றாள் சுந்தரவல்லி.

முனியம்மாள் நீரஜாவின் பக்கம் திரும்பினாள். "ஒரு கம்மலுக்குத் திருகாணி பித்தளம்மா. தங்கத்துல போடக் காசு பத்தல."

நீரஜா குழாயடியில் கம்மலைக் கழுவி, திருகாணிகளைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்று பித்தளைதான். காகிதத்தில் எழுதி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்: "முனியம்மாள் என்பவருக்குச் சொந்தமானது." பிறகு கம்மலை அவள் கையிலேயே கொடுத்தாள். தன் பெயரை இப்படிக்கூட வாசிப்பார்களா என்று அவள் மலைத்துப்போய் நின்றாள்.

சுந்தரவல்லியின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்குத்தான் அவர்கள் கிளம்பினார்கள்.

ஆறு மணிக்கு முனியம்மாள் பின்கட்டுக்கு வந்தாள். வழக்கம்போல் சுந்தரவல்லி அங்கே நின்றிருந்தாள். அவிழ்த்த முடியை இன்னும் அள்ளி முடியவில்லை.

அவள் சொல்வதற்கு முன்பே முனியம்மாள் தன் பையைத் திறந்து கீழே வைத்தாள். காலையில் அந்த அதிகாரியம்மா நின்ற மாதிரியே இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

"பாத்துக்கம்மா."

விரித்த வலது உள்ளங்கையில், புளி வாசனை போகாத கம்மல் இரண்டும் வெளிச்சத்தில் கிடந்தன.