வாரம் பதினான்கு மணி நேரம்

"மணிக்கு எவ்வளவு?" என்று மட்டும்தான் கேட்டேன். அந்த ஒரு கேள்வியில் என் தங்கையின் அறை போயிற்று.

தங்கை ஓக்ரான் தென்கொரியாவின் இஞ்சோன் நகரில் ஒரு கிம்பாப் கடையில் கடற்பாசித் தாளில் சோறு சுருட்டிக்கொண்டிருந்தாள். வாரம் இருபது மணி நேரம், மணிக்கு 10,500 வோன். எதிரே புதிதாகத் திறந்த பேக்கரியின் கண்ணாடியில் 12,000 என்று ஒட்டியிருந்தார்கள்.

"அக்கா, நீ கணக்கு டீச்சர். சொல்லு, மாறட்டுமா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மணிக்கு ஆயிரத்தைந்நூறு கூட. மூணாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்."

பெரிய மேதாவி நான்! மொத்தத்தை நேரத்தால் வகுக்காமல் விடை எழுதும் பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் கோடு கிழிப்பவள்.

கிம்பாப் கடை வேலையை அவள் விட்டுவிட்டு வந்த பிறகுதான் பேக்கரி முதலாளி ஒப்பந்தத்தை நீட்டினார். வாரம் பதினான்கு மணி நேரம் என்றிருந்தது.

"இருபதுன்னு சொன்னீங்களே?"

"வாரம் பதினஞ்சு மணியைத் தொட்டா சட்டப்படி ஓய்வு நாளுக்கும் கூலி குடுக்கணும்மா. எனக்குக் கட்டாது."

கிம்பாப் கடைக்காரி அதை வாராவாரம் வாய் திறக்காமல் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓய்வு நாளுக்கான நாலு மணிக் கூலியும் சேர்ந்து இருபது மணி நேரத்துக்கு 2,52,000 வோன். வகுத்தால் மணிக்கு 12,600. நான் வகுக்கவே இல்லை. பேக்கரியில் வாரத்துக்கு 1,68,000தான் வந்தது. பழைய இடத்துக்கு இரண்டே நாளில் வேறொருத்தி வந்துவிட்டாள்.

மூன்று மாத வாடகை நின்றதும் ஓக்ரான் அறையைக் காலி செய்துவிட்டு ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த என் டியூஷன் சென்டர் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, உனக்கு வாரம் எத்தனை மணி?"

"பதினாலு."

"எத்தனை வருஷமா?"

"ஒன்பது. ஆனா மணிக்கு இருபத்தையாயிரம்டீ." சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"ஓய்வு நாள் கூலி?"

ஒன்பது வருடமாக ஒரு பருவத்தில்கூட என் வார நேரம் பதினைந்தைத் தொட்டதில்லை. அதை டியூஷன் சென்டர் மேலாளர் என் மேல் வைத்த அக்கறை என்று நினைத்திருந்தேன். வராத பணத்தைப் பற்றி எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

நான் எழுந்து போய் அரிசி களைந்தேன்.

திங்கட்கிழமை மேலாளர் அடுத்த பருவத்தின் அட்டவணையை நீட்டினார். அதிலும் பதினான்குதான். "டீச்சருக்குச் சிரமம் இல்லாமப் போட்டிருக்கேன்" என்றார்.

ஒரு மணி கூடக் கேட்டால் இந்தப் பதினான்கும் போய்விடும். வீட்டில் இப்போது இரண்டு வயிறு. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.