வாலில் ஒரு கொடி

நாட்டு மானத்தின் விலை, அறுநூறு பேருக்கு இருபது வருஷச் சம்பளம். அதைப் பேசி முடித்தவள் ஒரு துணி வியாபாரியின் மகள்; இப்போது ராணுவக் கொள்முதல் அதிகாரி. அலுவலகத்தில் அவளுக்குக் ‘கறார்’ என்று பெயர்.

இரண்டு நட்பு நாடுகள் சேர்ந்து ஒரு போர் விமானம் செய்யப் போகின்றன. இறக்கையை யார் செய்வது, வாலில் யார் கொடி என்ற இரண்டும்தான் இழுபறி.

"இறக்கை போனாப் போகுது. கொடி நம்மளுதா இருக்கணும்" என்று சொல்லி, கையெழுத்து அதிகாரத்தையும் கொடுத்து அனுப்பினார் துறைச் செயலாளர். இறக்கை போனால் அறுநூறு பேர் வேலை பார்க்கும் பட்டறைக்குப் பூட்டு. அந்த அறுநூறில் ஒருவன் அவள் தம்பி.

நட்பு நாட்டுப் பிரதிநிதி வாய்க்கு வாய் ‘நண்பர்களே’ என்பார். விலை என்று வந்தால் கல்லுளிமங்கன். மேஜை நடுவில் ஒரு பொம்மை விமானம். பேச்சு எங்கே போனாலும் அவர் விரல் மட்டும் அதன் வாலையே தடவிக்கொண்டிருந்தது. கடையில் வளர்ந்தவளுக்கு அது போதாதா? துணியைக் கீழே வைக்க மனமில்லாமல் "சும்மாதான் பார்த்தேன்" என்றவர்களை அவள் எத்தனை பேர் பார்த்திருக்கிறாள்!

"கொடிய மட்டும் கேக்காதீங்க சார். என் தலையே போயிடும்" என்று பையை மூடி எழுந்தாள்.

"அட, உக்காருங்கம்மா. என்னதான் வேணும்?"

"இறக்கை. முழுசா. இருபது வருஷத்துக்கு."

"பகல் கொள்ளையா இருக்கே! நாம நண்பர்களாச்சே?"

"அதனாலதான் இந்த விலை. வேத்தாளா இருந்தா இன்னும் ஏத்தியிருப்பேன்."

பிரதிநிதி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் செயலாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "மானத்தை வித்துட்டு வந்திருக்கியேம்மா!"

"வித்தேன் சார். நல்ல விலைக்கு."

பழைய கோப்புகள் பிரிவுக்கு அவளைத் தூக்கியடித்தார்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. லாபம் யாருக்குக் கசக்கும்?

மாலையில் வந்த தம்பி உட்காரவில்லை.

"வேலைதான் நிலைச்சிடுச்சே, ஏன்டா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

"எம் புள்ள கேப்பான், நீ செஞ்ச பிளேனாப்பா இதுன்னு. வால்ல இன்னொருத்தன் கொடி. என்னன்னு சொல்ல?"

"வேலையில்லாம வீட்டுல கெடந்தா என்னன்னு சொல்லியிருப்ப?"

"எதையாவது சொல்லியிருப்பேன். எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா."

துணியிடம் கேட்டுக்கொண்டா துணியை விற்கிறார்கள் என்று நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் கிளம்பிவிட்டான்.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். வரவு, அறுநூறு வீட்டில் இருபது வருஷம் அடுப்பெரியும். செலவு, ஒரு கொடி, ஒரு நாற்காலி. வியாபாரத்தில் லாபம்தான். ஆனால் விற்ற சரக்கில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. அது இன்னும் பாக்கி.