கோணல் மீன்

டைல்ஸ்காரருக்கு நூலளவு கோணலும் பொறுக்காது. அப்படிப்பட்ட மனிதரைத்தான் பாலர் பள்ளி டீச்சர் கூப்பிட்டார், பிள்ளைகளோடு உட்கார்ந்து உடைந்த டைல்ஸில் ஒரு மீன் ஒட்டிக்கொடுங்கள் என்று. அவர் உடனே தலையாட்டியதற்குக் காரணம் மீன் இல்லை. அந்த வகுப்பில்தான் அவர் மனைவியின் மகள் குட்டிம்மா இருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியும் குழந்தை அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் சொல்வாள், "அவங்கள எடுத்துத் தரச் சொல்லு." அது அவருக்கு உள்ளூர வலித்தது.

மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து சில்லுகளின் விளிம்பைக் கல்லில் தேய்த்தார். பிஞ்சு விரல் எதையும் கீறிவிடக் கூடாதே.

பத்துப் பிள்ளைகள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, பசையைப் பாதி பலகையிலும் பாதி சட்டையிலும் பூசினார்கள். ஒரு செதில் கிழக்கே பார்த்தது, இன்னொன்று மேற்கே. மீனின் கண் வயிற்றில் இருந்தது; அதை ஒட்டியவள் குட்டிம்மா. டைல்ஸ்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார்.

பிள்ளைகள் கைகழுவப் போனார்கள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். டைல்ஸ் ஒட்டின கை மட்டும் இருக்குமா? கால் மணி நேரத்தில் செதில்கள் வரிசையில் நின்றன, கண் தலைக்கு ஏறியது. அழகான மீன்தான், யார் இல்லை என்றது?

திரும்பி வந்த பிள்ளைகள் பலகையைச் சுற்றி நின்றார்கள். "என் சில்லு எங்க?" என்று ஒரு சுருட்டைமுடிக்காரி உதட்டைப் பிதுக்கினாள். குட்டிம்மா மீனையே பார்த்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை. எட்டு மாதம் பட்ட பாட்டைக் கால் மணி நேரத்தில் கவிழ்த்துவிட்டோமே என்று நினைத்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்," என்று தரையில் உட்கார்ந்தார். "எது எங்க இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. நீங்க சொன்னா திருப்பி ஒட்டிடலாம். பசை இன்னும் காயல."

பத்துப் பேருக்கும் அவரவர் சில்லு அத்துப்படி. அங்கே இல்லை, இங்கே என்று ஆளாளுக்கு அவரை விரட்டினார்கள். பழக்கதோஷம், கை எதை எடுத்தாலும் நேராகவே வைத்தது.

"இந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியல," என்று சலித்துக்கொண்டாள் சுருட்டைமுடிக்காரி.

குட்டிம்மா வெடுக்கென்று திரும்பினாள். "ஆளு இல்ல, எங்கப்பா. அவருக்கு நேரா வைக்கத்தான் தெரியும். மெதுவா சொல்லிக் குடுக்கணும்."

பிறகு அவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவருடைய கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்து மீனின் கண்ணைக் கீழே நகர்த்தினாள். அவருக்கு மீன் முழுவதும் கலங்கலாகத் தெரிந்தது.

"இவ்வளவு போதுமா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்ப்பா," என்றாள்.