இருபது அடியில் ஒரு சமையலறை ஜன்னல்

1

இந்தக் கதை ஒரு கண் டாக்டரின் சீட்டிலிருந்து பிறந்தது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை ரயில் பயணத்தில் வருமாம், கனவில் வருமாம். எனக்குச் சொட்டு மருந்து எழுதிய சீட்டின் பின்பக்கத்தில் வந்தது: ‘இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில் உள்ளதை, இருபது விநாடி பார்க்கவும். கண்ணை நன்றாக மூடித் திறக்கவும், பத்துத் தடவை.’

கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்கள் கண்ணைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று ஒரு பயனுள்ள கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். அது இப்படி ஆகிவிட்டது.

2

முதல் தொடக்கம்:

‘அருள்குமாருக்கு இருபத்திரண்டு வயது. பீளமேட்டில் இன்ஜினியரிங் படிக்கிறான். எந்நேரமும் கேம். டாக்டர் சொன்ன இருபது அடியை அவன் டேப் வைத்து அளந்து

(நிறுத்திவிட்டேன். எந்தக் கல்லூரிப் பையன் டேப் வைத்து அளப்பான்? ‘இருபது அடி’ என்றால் ஊரில் எல்லோருக்கும் ‘கொஞ்சம் தள்ளி’ என்றுதான் அர்த்தம். சிங்காநல்லூர் பம்ப்செட் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த ஒருவனுக்குத்தான் அது இருபது அடி, ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது.)

அருள்குமாரை அனுப்பிவிட்டேன். பாவம், பிறந்து நாலு வரிகூட ஆகவில்லை.

இரண்டாவது தொடக்கம்: ‘குமாரசாமிக்கு ஐம்பத்தொரு வயது.’

இது என் வயது. என் பெயரும் அதுதான். இனி ஒளிய இடமில்லை.

3

மூன்று வருடத்துக்கு முன்னால், நாவல் எழுதப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு அந்த பம்ப்செட் கம்பெனி வேலையை விட்டேன். என் மனைவி கீதாவுக்குப் பீளமேட்டில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. காலை எட்டரைக்கு அவள் பஸ் ஏறப் போனதும் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். நாவலின் முதல் வரி இது: ‘அன்றைக்கு மழை’. மூன்று வருடமாக அந்த மழை பெய்யவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஃபைலை மூடிவிட்டு கேமைத் திறப்பேன். அதில் நாமே ஒரு தொழிற்சாலை கட்டி நடத்த வேண்டும்.

[அடிக்குறிப்பு: ஆமாம். தொழிற்சாலை போதுமென்று ராஜினாமா செய்தவன்தான். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.]

சாயங்காலம் ஆறு மணிக்குக் கீதா வரும்போது என் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருக்கும்.

‘இன்னைக்கு நெறைய எழுதிப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க,’ என்பாள்.

‘ஆமா அம்மணி,’ என்பேன்.

அவள்தான் என்னைக் கண் டாக்டர் நித்யஸ்ரீயிடம் கூட்டிப்போனாள். ‘இவரு நாவல் எழுதறாருங்க,’ என்று பெருமையாகச் சொன்னதும் அவள்தான். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

4

எங்கள் ஹாலில் எதுவுமே இருபது அடி தூரத்தில் இல்லை. பதினோரு அடியில் சுவர் வந்துவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு மாடி ஜன்னல். கீழே இறங்கிப் போய்ச் சந்தில் டேப்பை விரித்தேன். சுவருக்குச் சுவர் பத்தொன்பது அடி எட்டு அங்குலம். நான்கு அங்குலம் குறைச்சல். கம்பெனியில் இப்படி ஒரு பீஸ் வந்தால் ரிஜெக்ட் செய்வோம். மேலே வந்து, ஜன்னலிலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

‘இது எதுக்குங்க?’ என்றாள் கீதா.

‘நாவலுக்கு,’ என்றேன்.

இருபது நிமிட அலாரம் அடித்ததும் என் தொழிற்சாலையை நிறுத்திவிட்டுக் கோட்டில் வந்து நிற்பேன். இருபது விநாடி எதிர்ஜன்னல் கம்பியையே பார்ப்பேன். பிறகு கண்ணை இறுக்கி மூடித் திறப்பேன், பத்துத் தடவை. ஒரு நாளைக்கு இருபத்தெட்டு முறை. கண் எரிச்சல் நிஜமாகவே குறைந்தது. கட்டுரைக்காக வந்தவர்கள் இதைக் குறித்துக்கொண்டு இங்கேயே இறங்கிவிடலாம்.

அந்த எதிர்ஜன்னல், அப்துல் குத்தூஸ் பாய் வீட்டுச் சமையலறை. அவர் மனைவி நஃபீசா அக்கா பகல் முழுக்க அங்கேதான் நிற்பார். இதை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அப்போது உறைக்கவில்லை.

5

பதினோராவது நாள் காலை குத்தூஸ் பாய் வந்தார். உக்கடத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்.

‘ஏனுங்க சார், வேலையக் கெடுத்துப்போட்டனா?’

‘அதெல்லாம் இல்லீங்க பாய், வாங்க.’

வெயிலைப் பற்றிப் பேசினார். தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினார். பிறகு டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

‘உங்க ஊட்டு ஜன்னல்ல ஏதாச்சும் ரிப்பேருங்களா?’

‘இல்லீங்களே.’

‘அடிக்கடி வந்து நிக்கறீங்களாமா. ஊட்ல சொன்னாங்க, அதானுங்க கேட்டேன். ஸ்கிரீன் மாட்டறதுக்குக் கம்பி, கொக்கி ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க. நானே கொண்டாந்து மாட்டிக் குடுத்துப்போடறனுங்க.’

‘உங்களுக்கு எதுக்குங்க பாய் சிரமம்? எட்டத்துல பாத்தா கண்ணுக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.’

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ‘அப்ப வாரனுங்க,’ என்று எழுந்துகொண்டார். எவ்வளவு நல்ல மனிதர், கொக்கியெல்லாம் தருகிறேன் என்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அலாரம் அடித்தது. கோட்டில் நின்றேன், பார்த்தேன், சிமிட்டினேன். மறுபடி அலாரம், மறுபடி நின்றேன். மூன்றாம் முறை கண்ணை இறுக்கி மூடித் திறந்தபோது எதிர்ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. பாய் எதற்கு வந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊர் மரியாதையில் இது ஒரு கஷ்டம். திட்டிவிட்டுப் போனதே ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

6

பன்னிரண்டு நாளாக அந்த ஜன்னல் திறக்கவில்லை. இந்தச் சித்திரை வெயிலில் நஃபீசா அக்கா மூடிய சமையலறையில் வேகிறார்.

கீதாவும் அவரும் தினமும் காலையில் சமைத்துக்கொண்டே சந்துக்குக் குறுக்கே பேசிக்கொள்கிறவர்கள். ‘அக்கா, இன்னைக்கு என்னங்க கொழம்பு?’ என்று கீதா எங்கள் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். இப்போது சாத்திய ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள்.

‘அக்காவுக்கு எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா? நானு என்ன பண்ணுனன்னே தெரியலீங்க,’ என்றாள் நேற்று.

‘தெரியலையே,’ என்றேன். இந்தக் கதையிலேயே மோசமான வரி இதுதான். இதை அழிக்காமல் விடுகிறேன்.

முடிவுக்கு வருவோம்.

முடிவு ஒன்று: டாக்டர் சீட்டை எடுத்துப் போய் பாயிடம் காட்டுகிறேன். (‘கண்ணு கெடற அளவுக்கு எழுதிப்போட்டீங்களா? நாவல் எதுவரைக்கும் வந்துருக்குதுங்க?’ என்று கேட்பார். எதைக் காட்டுவேன், அந்த மழையையா?)

முடிவு இரண்டு: வீட்டைக் காலி செய்து போத்தனூருக்குப் போய்விடுகிறோம். (அங்கேயும் ஜன்னல் இருக்கும்.)

முடிவு மூன்று: நஃபீசா அக்கா தானாகவே

(தானாக எதுவும் நடக்காது. எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தவன் என்ற பெயர் போக வேண்டுமானால், கட்டிய மனைவியை மூன்று வருடமாக ஏமாற்றியவன் என்ற பெயரை வாங்கித்தான் ஆக வேண்டும்.)

கேமைத் திறக்காமல் உட்கார்ந்து எழுதினேன். நீங்கள் இதுவரை படித்ததைத்தான்.

7

இந்தப் பகுதியை மட்டும் பேனாவால் எழுதுகிறேன். இன்று ஞாயிறு. மேலே உள்ள ஆறு பகுதியையும் பிரிண்ட் எடுத்துக் கீதாவிடம் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே படித்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

‘அந்த ஜன்னல அத்தன தடவ பாத்தீங்களே. அங்க அக்கா நிக்கறது தெரியவேயில்லீங்களா?’

‘சத்தியமாத் தெரியல கீதா.’ அது உண்மை. நான் பார்த்ததெல்லாம் தூரத்தை.

‘நானும் இந்த ஊட்லதான இருக்கறன். எத்தன அடி தள்ளி நின்னா நானு உங்க கண்ணுக்குத் தெரிவனுங்க?’

வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். ‘சீக்கிரம் எழுதிக் குடுங்க. நீங்க வர வேண்டாம், நானே அக்காகிட்டக் குடுத்துப்போட்டு வாரேன்,’ என்கிறாள்.

நஃபீசா அக்கா, இந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்கிறதென்றால், கீதா உங்கள் எதிரில் நிற்கிறாள். நீங்கள் அப்படி நினைத்ததில் உங்கள் தப்பே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது, மன்னித்துவிடுங்கள். கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். நாளைக்கே ஸ்கிரீன் மாட்டுகிறேன், கம்பி பாய் கடையில்தான் வாங்குவேன். என் மேல் கோபம் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். கீதாவிடம் மட்டும் பழையபடி பேசுங்கள்.

முடிவை நான் எழுதப் போவதில்லை. என்னால் எழுதவும் முடியாது. இங்கே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜன்னல் திறக்கும் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். கொக்கி உங்கள் பக்கம்தான் இருக்கிறது.