அகமது வீட்டுக் கல்யாண வெங்காயம்

இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்ட செய்தி வந்தபோது, மலேசியாவின் கிள்ளானில் விருந்துச் சமையல் ஆர்டர் எடுக்கும் பரீதாவுக்கு ஒரு கவலையும் இல்லை. கல்யாண வீட்டுக்காரரே வெங்காய மொத்த வியாபாரி, அவளுக்கென்ன! கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் முப்பது வருஷமாக இந்தியா வெங்காயம் வரவழைத்து விற்கும் அகமது, மகன் கல்யாணத்துக்கு எண்ணூறு பேர் பிரியாணியை அவளிடம் ஒப்படைத்திருந்தார். அவள் எடுத்த முதல் பெரிய ஆர்டர். "வெங்காயம் நான் அனுப்புறேன். இந்தியா வெங்காயம் இல்லாத பிரியாணிய நான் வாயில வைக்கமாட்டேன்" என்று ஊரெல்லாம் வேறு சொல்லி வைத்திருந்தார்.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? விலை ஏறியதும் ஆசை விடவில்லை. அடுத்த கன்டெய்னர் எப்படியும் வந்துவிடும் என்று நம்பி, கல்யாணத்துக்கு எடுத்துவைத்த மூட்டைகளையும் விற்றுத் தொலைத்தார். கன்டெய்னர் மும்பையை விட்டு நகரவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போன் வந்தது.

"பரீதா, நீயே எங்கயாச்சும் பாத்து வாங்கிக்கம்மா. ஆனா இந்தியாதான் வேணும்."

எங்கே போய் வாங்குவது? பாசார் முழுக்க அலைந்தும் சீனா வெங்காயம்தான் கிடைத்தது. எண்ணெயில் போட்ட முதல் ஈடு முறுகாமல் துவண்டு கிடந்தது, அத்தனை தண்ணீர். பிரியாணி சொதப்பினால் அதற்கப்புறம் கிள்ளானில் பரீதாவை யார் கூப்பிடுவார்கள்? அழுகையும் ஆத்திரமுமாக மீதியை மெல்லிசாக நறுக்கி, உப்புப் பிசறி, துணியில் கட்டிப் பிழிந்து, மின்விசிறிக்கு அடியில் பாயில் பரப்பினாள். மறுநாள் பொரித்தபோது மொறுமொறுவென்று வந்தது. அப்பாடா!

கல்யாணத்தன்று, நாலு பேர் கூடி உண்ணும் முதல் சகன் தட்டில் அகமது மூன்று வியாபாரிகளோடு உட்கார்ந்தார். ஒரு கவளம் வாயில் வைத்தார், கண்ணை மூடினார்.

"பாத்தீங்களா? இதான் இந்தியா வெங்காயம்! வேற எதுலயும் இந்த ருசி வராது லா!"

பேசாமல் இருந்திருக்கலாம். பக்கத்தில் நின்ற பரீதாவின் வாய் இருக்கிறதே!

"அகமது நானா, அது சீனா வெங்காயம்."

மூன்று வியாபாரிகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அகமதுவின் முகம் தொங்கிவிட்டது. "எனக்கே தெரியலயே. இனிமே இந்தியா திறந்துவிட்டாலும் என்கிட்ட யாரு வருவா?" என்றார் மெதுவாக.

பரீதாவுக்குப் பாவமாக இருந்தது.

"நான் வரேன் நானா. ஆனா பழைய விலை சொல்லாதீங்க. எனக்குத்தான் சீனா வெங்காயத்தப் பிழியத் தெரிஞ்சுபோச்சே."

"அடிப்பாவி!" அகமது முறைத்தார். முறைத்தபடியே தட்டின் நடுவிலிருந்து பெரிய கவளமாக அள்ளினார். "சின்னவன் கல்யாணத்துக்கும் நீதான். முதல்ல, அந்த வெங்காயம் விக்கிறவன் நம்பரக் குடு."