கார்மேகிக்குக் குரல் கொடுத்தவள்

“படத்துல என் பேரைப் போடணும்ங்கண்ணா. குரல், வசனம், ரெண்டுக்கும். முழுசா வெண்ணிலான்னு.”

மன்றத்தில் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள்: இங்கே எதை வேண்டுமானாலும் கேள், பேரை மட்டும் கேட்காதே. உன் பேரைப் போடச் சொல்லியும் கேட்கக் கூடாது, அடுத்தவரின் நிஜப் பேர் என்னவென்றும் கேட்கக் கூடாது. நான்கு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள், ஏற்காட்டு லாட்ஜின் துணி அறையில், வெளுத்து வந்த பெட்ஷீட் அடுக்குகளுக்கு நடுவே, கையில் மைக்கோடு நின்று இன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

கோகுல் டீயை ஊதினான். மன்றத்தைத் தொடங்கியவன் அவன்தான். சேலத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அவளைவிட ஏழெட்டு வயசு மூத்தவன்.

“கண்ணு, இன்னும் பத்து நிமிசத்துல ரெண்டாம் பாகம் ஆரம்பிக்கோணும். இப்பப் போயி இதையெல்லாம் பேசறயே?”

“எப்பப் பேசினாலும் பத்து நிமிசந்தானுங்க இருக்குது உங்களுக்கு.”

வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை, மழையும் மூடுபனியுமாக டூரிஸ்ட் கூட்டம் வடிந்துபோகும் ஆடி மாசத்தில், சேலம், ஈரோடு, கோயம்புத்தூர் என்று மன்றத்தார் நாற்பது பேர் இந்த லாட்ஜுக்கு மலையேறி வருவார்கள். ஆணை விரும்பும் ஆண்கள். வெண்ணிலாவைப் போலப் பெண்ணை விரும்பும் பெண்கள் மூன்றே பேர். வாசல் போர்டில் ‘சேல்ஸ் டிரெயினிங்’ என்று எழுதியிருக்கும். உள்ளே காலையில் ஒரு பழைய பல்லி மனிதன் படம் ஓடும். எடுத்தவர்களே மறந்துவிட்ட படம். இவர்களுக்கோ மனப்பாடம். பல்லி மனிதனின் ரப்பர் வால் அறுந்து விழும் கட்டத்தில் நாற்பது பேரும் எழுந்து நின்று, “வாலை விட்டுட்டுப் போறீங்களே, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க!” என்று கத்திக்கொண்டு திரையின் மேல் பொரியை வீசுவார்கள்.

மத்தியானம்தான் பெரிய விசேஷம். ஏழு கோள் காவலர்கள் என்ற வெளிநாட்டுக் கார்ட்டூன். இறுக்கமான உடுப்பும் திரண்ட மார்புமாகப் பறக்கும் ஏழு வீரர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்தான். ஆனால் அவர்கள் உயிரை விடுவதெல்லாம் வில்லிக்காக. நீல முகமும் கறுப்பு மேலங்கியுமாக வருகிற, அரண்மனையிலிருந்து துரத்தப்பட்டும் தலையைக் குனியாத ராணி. அவளுக்குக் கார்மேகி என்று பேர் வைத்தது வெண்ணிலா. படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டு, திரைக்குப் பின்னாலிருக்கும் இந்தத் துணி அறையில் நின்று அவளுக்குத் தமிழில் குரல் கொடுப்பதும் வெண்ணிலாதான். பெட்ஷீட் அடுக்கு எதிரொலியை இழுத்துக்கொள்ளும். திரைக்கு முன்னால் ராணி வேஷத்தில் சக்தி நின்று வாயசைப்பான். கைதட்டல் அவனுக்குப் போகும்.

கார்மேகி எப்படிப் பேசுவாள் என்பதில்தான் எல்லாம் இருந்தது. “ஏனுங்க காவலருங்களா, நொம்ப நேரமாச் சண்டை போடறீங்க. சித்த உக்காருங்க. உங்க கோளை நான் எடுத்துக்கறனுங்க.” சபை விழுந்து விழுந்து சிரிக்கும். இதே மலையில், கொட்டச்சேட்டில் வெண்ணிலாவின் அம்மா சின்னத்தாயி காப்பிப் பழம் பறித்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மனைவி இப்படித்தான் பேசுவாள். மற்ற நாளெல்லாம் ‘ஏ புள்ள’. ஆளை வேலையிலிருந்து நிறுத்தும் நாளில் மட்டும், “ஏனுங்க சின்னத்தாயி, முட்டி வலிக்குதுங்களா? நாளைக்கிருந்து வர வேண்டாமுங்க.” அம்மா அன்று ராத்திரி சோறு தின்னவில்லை. அதைத்தான் வெண்ணிலா நோட்டில் எழுதினாள். தன் வீட்டில் முதல் முதலாகப் பட்டம் வாங்கியவள், ரிசார்ட் ரிசப்ஷனில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சிரிப்பதற்கு நடுவில், ஒரு வரி ஒரு வரியாக எழுதினாள். எந்த நீலம் ராணியின் நீலம் என்று ஆண்களெல்லாம் வாட்ஸ்அப்பில் இரண்டு வாரம் சண்டை போட்டபோதும் அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள்.

அதுவரை பொறுத்தவளை இன்றைக்குக் கிளப்பிவிட்டது ஜெயமேரி. லாட்ஜில் அறை துடைக்கிற அம்மாள். இடைவேளையில் டீ கொண்டுவந்தவள் கதவிலேயே நின்றுவிட்டாள்.

“ஏங்கண்ணு, அந்த நீல மூஞ்சிக்காரி கொரலு உன்றதுதானே? எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஹால்ல உங்க கோகுலு கூட்டியாந்த மெட்ராஸ்காரம்மா ஒண்ணு இருக்குது, மீனாட்சின்னு பேரு. போனுல கதை கேக்கற கம்பெனியாமா. வசனம் ஆரு, கொரலு ஆருன்னு கேட்டுச்சு. உங்க கோகுலு, எல்லாருஞ் சேந்து பண்றதுங்கன்னு சொல்லிப்போட்டு, தம்பேரு போட்ட கார்டை எடுத்துக் குடுக்கறாப்ல. நீ இங்க போர்வைக்குள்ள நின்னு தொண்டை கிழியக் கத்தீட்டு இருக்கற!”

அதற்கப்புறம்தான் அவள் கோகுலைக் கூப்பிட்டனுப்பியது.

“பேரு வேண்டாம்னு சொல்றது எதுக்கு? உனக்காகத்தானே கண்ணு?” என்றான் கோகுல். “அருண்குமார் கதை உனக்குத் தெரியுமல்ல? நம்ம கூட்டத்துல எடுத்த ஒரே ஒரு போட்டோ. கீழ அவன் பேரு. ஒரு வாரத்துல அவங்க ஊட்ல போனைப் புடுங்கி, பொண்ணு பாத்து, பத்திரிக்கை அடிச்சிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசலை அவன்.”

அது நிஜம். அந்தக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, திரும்பும் வழியெல்லாம் சக்தி அழுததை வெண்ணிலா பார்த்திருக்கிறாள்.

“அப்பக் கார்டுல உங்க பேரு எப்படிங்க வந்துச்சு?”

“ஆராச்சும் ஒருத்தர் வெளிய நின்னு பேசோணுமல்ல? எங்க ஊட்ல எல்லாம் தெரியும். எனக்கொண்ணும் ஆகாது.”

“எங்க ஊட்ல தெரிஞ்சா எனக்கு என்னாகும்னு எனக்குத் தெரியுமுங்க. எல்லாம் ரோசனை பண்ணித்தான் கேக்கறேன். என்ற பயத்தை நான் படறேன். எனக்குப் பதிலா நீங்க பயந்து, எனக்குப் பதிலா நீங்களே கார்டும் குடுக்க வேண்டாம்.”

கோகுல் டீ டம்ளரை பெட்ஷீட்டின் மேலேயே வைத்தான். முகம் மாறிவிட்டது, குரல் மட்டும் தேனாக இருந்தது.

“ஏனுங்க வெண்ணிலா, உங்களுக்குத் தோதுப்படலைன்னா சொல்லிப்போடுங்க. நாங்க வேற ஆளைப் பாத்துக்கறமுங்க.”

நான்கு வருஷமாகக் கண்ணு, கண்ணு என்றவன். வெண்ணிலாவுக்குச் சிரிப்பு வந்தது. கார்மேகியை ரசித்து ரசித்துக் கைதட்டியவன், அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது அவனே அதைப் பேசுகிறான், பேசுவது தெரியாமலே.

அவன் போனதும் சக்தி உள்ளே வந்தான். கல்லூரியில் அவளோடு ஒரே பெஞ்சு. முகமெல்லாம் நீலம். குடைத் துணியில் இரண்டு மாசம் திருட்டுத்தனமாகத் தைத்த மேலங்கி தரையைப் பெருக்கியது.

“ஏன்டி இன்னிக்குப் போயி? வருசத்துல எனக்கு இந்த ஒரு நாளுதான்டி. மத்த நாளெல்லாம் எங்கப்பன் கடையில ஆணி நிறுத்துக் குடுத்துட்டு இருக்கறேன். அடுத்த வருசம் பேசிக்கலாம்டி.”

“நாலு அடுத்த வருசம் ஆயிப்போச்சு சக்தி. உங்களுக்கெல்லாம் பொம்பளைன்னா உசுரு. ஆனா அவ திரையில இருக்கோணும், நீலமா இருக்கோணும், மூணடிக்கு கிரீடம் வெச்சிருக்கோணும். பக்கத்துல நின்னு சோறு திங்கறவளைக் கண்ணுக்கே தெரியாது.”

சக்தியின் ஒட்டு இமைமுடி ஒன்று பிய்ந்து கன்னத்தில் தொங்கியது. அவள் அதை எடுத்து, ஊதி, திரும்ப ஒட்டிவிட்டாள். கோபம் அடங்கிவிடவில்லை.

“ராணி ஜெயில்ல இருக்கறப்ப என்ன சொல்லுவா?”

“எதுக்குடி?”

“சொல்லு.”

சக்தி கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். அவள் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு, அவள் இழுக்கும் இடத்தில் இழுத்து, ஒரு சொல் பிசகாமல். நான்கு வருஷம் வாயசைத்தவன் அல்லவா.

“அவ்வளவுதான். நீயே பேசிக்க.” மைக்கை நீட்டினாள்.

அவன் பின்னால் நகர்ந்தான். “எங்கொரலா? ஒம்பதாவதுல இருந்து இந்தக் கொரலுக்குத்தான்டி அடி வாங்கறேன். பொட்டச்சியாட்டம் பேசறான்னு கடைக்கு வர்றவனெல்லாம் இளிக்கறான். இவங்களும் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். அடி வாங்கின கொரலு. கார்மேகிக்கு என்றதைவிட அதுதான் பொருந்தும்.”

“நீ இல்லாம முடியாதுடி.”

“முடியலைன்னா படத்தை நிறுத்திருங்க. கம்ப்யூட்டர் படிச்ச அண்ணன் இருக்கறாரு, பாத்துக்குவாரு.”

மைக்கை அவன் கையில் வைத்து விரல்களை மூடினாள். வசன நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். துணி அறைக்குப் பின்கதவு ஒன்று உண்டு. நான்கு வருஷமும் அவள் வந்ததும் போனதும் அந்த வழிதான். இன்றைக்கு ஹால் வழியாகப் போனாள்.

பொரி காலடியில் நொறுங்கியது. நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் இந்தப் பெண் என்று ஒருவன் பக்கத்தில் கேட்டதும், காப்பி குடுக்கற புள்ளையா இருக்கும் என்று மற்றவன் சொன்னதும் அவள் காதில் விழுந்தன. முன்வரிசையில் கதர் சேலை கட்டிய அம்மாளின் முன்னால் போய் நின்றாள். கோகுல் எழுந்தான்.

“மீனாட்சி மேடமுங்களா? நான் வெண்ணிலாங்க, கொட்டச்சேடு. கார்மேகி வசனம் அத்தனையும் நான் எழுதினது. இதுவரைக்கும் பேசினதும் நான்தானுங்க. என்ற நம்பரை எழுதிக்குங்க. ஊட்டுக்குள்ள டவர் எடுக்காது, பகல்ல கூப்பிடுங்க.”

“கண்ணு...” என்றான் கோகுல்.

அவள் பத்து எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்த அம்மாள் எழுதி முடிக்கும்வரை நின்றாள். யாரோ விளக்கை அணைத்தார்கள். திரையில் சிறைக்கதவு திறந்தது. ராணி நிமிர்ந்து பார்த்தாள். ஹாலில் சத்தமே இல்லை.

ஒலிபெருக்கியில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. வெண்ணிலா அதற்குள் கதவைத் தள்ளித் திறந்திருந்தாள். வெளியே பனி ரோட்டை மறைத்துக்கொண்டு நின்றது. கொட்டச்சேடு பஸ் கிளம்ப இன்னும் கால்மணி நேரம். பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.