வெள்ளிக்கிழமைச் சூளை

கார்த்திகைக்கு முந்தின வெள்ளிக்கிழமைச் சூளை கிடைத்துவிட்டால் அந்த வருசம் பிழைத்த மாதிரி. விருத்தாசலத்தில் அகல் விளக்கு செய்கிற அந்தப் பத்துப் பன்னிரண்டு ஷெட்டுக்காரர்களுக்கும் சேர்த்து இருப்பது ஒரே பொதுச் சூளை. முறையைச் சூளையைப் பார்த்துக்கொள்கிற அன்பரசன்தான் வாட்ஸப் குரூப்பில் விடுவார். ஒரு நம்பரைப் போடுவார். அதை முதலில் திருப்பி அனுப்புகிறவருக்கு முறை. அதனால் சிவசங்கரிக்குக் கை களிமண்ணில் இருந்தாலும் கண் போனில்தான் இருக்கும்.

அன்றைக்கு அன்பரசனிடமிருந்து தனியாகவே செய்தி வந்தது. 'இந்தத் தடவ நம்பர் உங்க மெசேஜுக்கே வரும். முதல்ல அனுப்புறவங்களுக்கு வெள்ளிக்கிழமை.' சொன்னபடியே வந்தது. கூடவே இங்கிலீஷில் ஏதோ எச்சரிக்கையும் இருந்தது. அதை யார் படித்தார்கள்? முந்தானையில் விரலைத் துடைத்து ஆறு இலக்கத்தையும் அனுப்பிவிட்டு, ஜெயித்த சந்தோஷத்தில் தனக்குத்தானே சிரித்தும்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய வாட்ஸப் அவளையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. அவள் அனுப்பிய ஆறு இலக்கம்தான் அதற்குச் சாவி. அன்பரசனின் கணக்கை முதல் நாளே எவனோ பிடித்து, குரூப்பில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பாவி, சூளை முறை வரைக்கும் கற்றுக்கொண்டான்.

சித்தப்பா மகள் வாசுகிதான் முதலில் கூப்பிட்டாள். "சங்கரி, தென்றலுக்கு அடிபட்டுடுச்சாமே? பெரியாஸ்பத்திரில இருக்கேன், பேச முடியல, காசு அனுப்புன்னு உன் நம்பர்லேர்ந்து வந்திருக்குது!"

"அய்யோ, அவ ஸ்கூலுக்கில்ல போயிருக்கா!"

பொய் என்று தெரிந்தும் சிவசங்கரி மகளின் ஸ்கூலுக்குப் போன் போட்டாள். "கிளாஸ்லதான் இருக்குறா" என்று டீச்சர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

வாசுகி மறுபடி கூப்பிட்டாள். "குடும்ப குரூப்ல பொய்னு எழுதிப் போட்டுட்டேன். யாராவது அனுப்பியிருந்தா உடனே சைபர் கிரைமுக்குச் சொல்லணுமாம். லேட்டானா பிடிக்க முடியாதாம்."

சிவசங்கரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். தன் பேரைச் சொல்லி எந்த வீட்டிலாவது அடுப்பு அணைந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். மாமா, "அப்பவே தெரியும்மா, ஃபிராடுன்னு" என்றார். கொழுந்தன் பார்க்கவே இல்லையாம். பக்கத்து ஷெட்டு அம்சவல்லி, "நீ கேட்டா நேர்ல வந்துல்ல கேப்ப" என்றாள். ஒருத்தரும் அனுப்பவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது, கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

அக்காள் அமிர்தத்தின் பேர் வந்தபோது மட்டும் விரல் தாண்டிப் போய்விட்டது. அமிர்தமும் இங்கே ஷெட்டு வைத்திருந்தவள்தான். இதே வெள்ளிக்கிழமைச் சூளையைத் தங்கச்சி பறித்துக்கொண்டாள் என்று போன வருசம் சண்டை போட்டு, ஷெட்டை மூடிவிட்டுக் கருவேப்பிலங்குறிச்சியில் புருசன் வீட்டோடு போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. அவளாவது எனக்குக் காசு அனுப்புவதாவது என்று சிவசங்கரி நினைத்துக்கொண்டாள். குரூப்பில் பார்த்திருப்பாள் என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. தட்டிய விளக்கெல்லாம் கோணிக்கொண்டு போயின.

தென்றல் ஸ்கூல் விட்டு வந்து பையை இறக்கும்போது ஷெட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவள் அமிர்தம். தலை கலைந்திருந்தது. இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.

"பெரியம்மா!" என்று தென்றல் ஓடினாள்.

அமிர்தம் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, பிள்ளையின் தலை, கை, முட்டி என்று தடவித் தடவிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி பூரா தேடிட்டு வரேன்டி. எந்த வார்டுலயும் இல்லன்னுட்டாங்க. எங்கடி புள்ளைக்கு அடி?"

சிவசங்கரி அக்காளின் காதைப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் போட்ட கம்மல் இல்லை; ஓட்டையில் துடைப்பக் குச்சி இருந்தது.

"எத்தினி அனுப்புனக்கா?"

"அது கெடக்குது. அடகு வெச்சது போதலன்னா கழுத்துல கெடக்குறதயும் வெச்சிக்கலாம்." அமிர்தம் அழுதுகொண்டே சிரித்தாள். "இவ்ளோ நாளு கழிச்சி என்னைய ஒண்ணு கேக்கணும்னு உனக்குத் தோணுச்சே, அது போதும்டி எனக்கு."

இப்போதே சொன்னால்தான் பணத்தையாவது பிடிக்க முடியும். சொன்னால் அக்காளுக்கு இந்தச் சிரிப்பும் போய்விடும்.

"அக்கா" என்றாள் சிவசங்கரி. "நான் கேக்கலக்கா."

தென்றலின் முட்டியைத் தடவிக்கொண்டிருந்த கை அங்கேயே நின்றது.